இரண்டு வருட அனுபவமும் எட்டு சோடிக் கையுறையும்

விண்ணப்பப் படிவத்தில் ஒரு பொய்கூட எழுதாதவர்கள் இந்தக் கட்டுரையை இந்த இடத்திலேயே மூடி வைத்துவிடலாம். உங்களுக்கும் எனக்கும் ஒத்துவராது. மற்றவர்கள் கிட்டே வந்து உட்காருங்கள், சொல்கிறேன்.

நான் எழுதிய பொய் சின்னதுதான். 'கற்பித்தல் அனுபவம்' என்றிருந்த கட்டத்துக்குள் 'இரண்டு வருடங்கள்' என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பேன். கட்டத்தில் இடம் மிச்சமிருந்தது. இடம் மிச்சமிருந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. 'எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு ஒவ்வொரு நாளும் மாலையில் இலவசமாக ஆங்கிலம் கற்பித்து வருகிறேன்' என்றும் சேர்த்துவிட்டேன். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோது எனக்கே என்மீது ஒரு மரியாதை வந்தது.

உண்மை என்னவென்றால், அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. நுவரெலியாவில் ஒரு விருந்தினர் விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை. ஆங்கிலம் அங்கேதான் வந்தது. சுடுதண்ணீர் வரவில்லை, போர்வை போதவில்லை, பக்கத்து அறைக்காரர் குறட்டை விடுகிறார் என்று உலகத்தின் எல்லா நாட்டுக்காரர்களும் நான்கு வருடம் என் முகத்துக்கு நேரே ஆங்கிலத்தில் கத்தினால் யாருக்குத்தான் வராது? பேசுவேன், சண்டை போடுவேன், மன்னிப்புக் கேட்பேன். ஆனால் கற்பிப்பது? என் வாழ்நாளில் நான் கற்பித்த ஒரே ஆள் அம்மா, பாடம் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவது. அதுவும் பாதியில் சண்டையாகி, இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் முடிந்தது.

வேலை வியட்நாமில். டா நாங் என்ற கடற்கரை நகரத்தில், ஹோட்டல் ஊழியர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஒரு பயிற்சி நிலையத்தில். பட்டம் தேவையில்லை, ஹோட்டல் அனுபவம் விரும்பத்தக்கது என்று விளம்பரத்தில் இருந்தது. அது வரைக்கும் அது எனக்காகவே செய்த விளம்பரம். அதற்கடுத்த வரியில்தான் 'இரண்டு வருட கற்பித்தல் அனுபவம்' கட்டாயம் என்றிருந்தது.

இந்த வேலைக்கு நான் இப்படி ஆலாய்ப் பறந்ததற்குக் காரணம் உண்டு. அம்மா பதினொரு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்தவர். வட்டகொடை ஸ்டேசனுக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்தில் 'அவ வெளிநாடு போறா' என்று சொன்னால் யாரும் 'என்ன வேலைக்கு?' என்று கேட்பதில்லை. கேட்கத் தேவையில்லை. நான் வியட்நாம் விஷயத்தைச் சொன்ன அன்று அம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே சொன்னார்:

"நான் போன நாட்டுல பின்வாசல் வழியாத்தான் வீட்டுக்குள்ள போனேன், பின்வாசல் வழியாத்தான் வெளிய வந்தேன். நீ டீச்சரா போ. முன்வாசல் வழியா போ. அத நான் பாக்கணும்."

இதைக் கேட்ட பிறகு, கட்டத்தில் 'அனுபவம் இல்லை' என்று எழுத யாருக்கு மனம் வரும்? (சரி, நல்லவர்களுக்கு வரும். அவர்களைத்தான் முதல் வரியிலேயே அனுப்பிவிட்டேனே.)

பத்து நாளில் மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் ஹெலன், நியூசிலாந்துக்காரர், அந்த நிலையத்தை நடத்துபவர். என் மாலை வகுப்பைப் பற்றி வாசித்து மிகவும் மகிழ்ந்தாராம். வரும் வியாழக்கிழமை எங்கள் நேரப்படி ஐந்து மணிக்கு, அந்த வகுப்பை இணையத்தில் நேரடியாக இருபது நிமிடம் பார்க்க விரும்புகிறாராம். 'விசேஷமாக எதுவும் வேண்டாம். வழக்கமாகச் செய்வதைச் செய்தால் போதும்' என்று முடித்திருந்தார்.

வழக்கமாகச் செய்வதா! வழக்கமாக அந்த நேரத்தில் நான் நுவரெலியா பஸ் நிலையத்தில் வறுத்த கடலை தின்றுகொண்டு நிற்பேன்.

தொலைபேசியைப் பிடித்தபடி அம்மாவிடம் ஓடினேன். படிவத்தில் எழுதியதை ஒன்று விடாமல் சொல்லி அழுதேன். அம்மா திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"எத்தன ஆளு வேணும்?"

"எட்டுப் பேரு இருந்தா போதும்மா."

"எட்டு ஆளு நான் கொண்டாறேன். நீ பாடத்த பாரு."

(குவைத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் அம்மா கங்காணியாகியிருப்பார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.)

நான் பாடத்தைப் பார்த்தேன். அதாவது மூன்று இரவுகள் கண்முழித்து யூடியூபில் 'சிறந்த ஆசிரியராவது எப்படி' என்று வரிசையாகப் பார்த்தேன். எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: நல்ல வகுப்பில் டீச்சர் குறைவாகப் பேச வேண்டும், மாணவர்கள் அதிகமாகப் பேச வேண்டும். அதைக் கொப்பியில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டேன். பாடம், 'ஹோட்டலில் விருந்தினரை வரவேற்றல்'. அட்டையில் சாவி, கட்டில், பெட்டி எல்லாம் வரைந்து வண்ணம் தீட்டினேன். கட்டில் சவப்பெட்டி மாதிரி வந்துவிட்டது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை மாலை அம்மா எட்டுப் பேரையும் எங்கள் வீட்டு முன் திண்ணையில், இஸ்தோப்பில் கூட்டினார். எல்லாரும் அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து எடுப்பவர்கள். என்னைத் தூக்கி வளர்த்தவர்கள் பாதி, என்னிடம் அடி வாங்கிய பிள்ளைகளைப் பெற்றவர்கள் பாதி. அவர்களில் இரண்டு பேரை மட்டும் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். ஒருவர் லெட்சுமி அக்கா. சாது, யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். மற்றவர் பாக்கியம் அக்கா. எங்கள் பிரிவில் அதிகக் கொழுந்து எடுப்பவரும் அவர்தான், அதிகம் பேசுபவரும் அவர்தான்.

நான் எழுந்து நின்று விளக்கினேன்.

"வெளிநாட்டு மிஸ் ஒருத்தங்க கம்ப்யூட்டர்ல வருவாங்க. உங்கள எல்லாம் பாப்பாங்க. ஏதாவது கேட்டா பயப்படாதீங்க. சிரிச்ச மொகமா 'குட்'னு சொல்லுங்க. இங்க எல்லாம் நல்லா நடக்குதுன்னு அவங்களுக்கு தெரியணும். எவ்வளவு காலமான்னு கேட்டா ரெண்டு வருசமான்னு சொல்லிருங்க. அவ்வளவுதான்."

"தெரியும் புள்ள," என்றார் லெட்சுமி அக்கா. "எங்களுக்கு இது என்னா புதுசா?"

மற்றவர்களும் தலையாட்டினார்கள். தலைக்குள் மூளை என்ற ஒன்று இருக்கிற எந்தப் பெண்ணும் அந்த இடத்தில் 'எது புதுசு இல்லக்கா?' என்று கேட்டிருப்பாள். நான் கேட்கவில்லை. நம்ம ஆட்கள் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று பூரித்துக்கொண்டிருந்தேன்.

பாக்கியம் அக்கா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"நாம பேசுறது அவங்களுக்கு நேரா போகுமா? நடுவுல யாரும் இல்லியா?"

"நேரா போகும்க்கா. யாரும் இல்ல."

"அப்ப சரி," என்றார். அந்த 'அப்ப சரி'யில் ஒரு தீர்மானம் இருந்தது. அதையும் நான் படிப்பு ஆர்வம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

வகுப்புக்கு இடம் பிள்ளைக்காம்பரா. அம்மாமார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். தோட்டத்தில் இணையம் ஒழுங்காகக் கிடைக்கிற ஒரே கட்டடமும் அதுதான். பிள்ளைக்காம்பரா ஆயாவிடம் கெஞ்சிச் சாவி வாங்கினேன். சுவரில் ஆனை, முயல், ஆங்கில எழுத்துகள், மூலையில் அட்டையில் செய்த ஒரு விளையாட்டு வீடு. நாற்காலிகள் மட்டும் மூன்று வயதுப் பிள்ளைகளின் அளவு.

வியாழக்கிழமை நான் சேலை கட்டினேன். நம்ம நாட்டில் சேலை இல்லாமல் டீச்சர் ஏது? சேலை கட்டத் தெரியாததால் பதினொரு ஊசி குத்தினேன். அதில் இரண்டு என் மேலேயே குத்தியிருந்தது. லேப்டாப்பை மேசையில் வைத்து, படம் வரைந்த அட்டைகளை அடுக்கி, மாணவர்களுக்காகக் காத்திருந்தேன். பின்னேரம் கொழுந்து நிறுத்து முடித்து எட்டுப் பேரும் வரிசையாக உள்ளே வந்தார்கள்.

எட்டுப் பேர் கையிலும் புத்தம் புது றப்பர் கையுறை. தலையில் ஒரே நிறத் தொப்பி. இடுப்பில் மடிப்புக் கலையாத ஏப்ரன்.

"என்னாக்கா இது?"

"பெட்டிய தொறந்து எடுத்து போட்டுக்கிட்டோம் புள்ள," என்றார் லெட்சுமி அக்கா. "ஒனக்கு கெட்ட பேரு வரக்கூடாதுல்ல?"

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்காகத்தானே இந்த மனுசிகள் இருக்கிறதில் நல்லதைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். (மடச்சி என்ற வார்த்தையை யாராவது அகராதியில் தேடினால் அங்கே என் படம் இருக்க வேண்டும்.) எட்டுப் பேரும் அந்தச் சின்ன நாற்காலிகளில் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்தார்கள். அம்மாவையும் உட்காரச் சொன்னேன். மகளிடம் படிக்க முடியாது என்று சொல்லிவிட்டு வாசலில் காவலுக்கு நின்றுகொண்டார்.

சரியாக ஐந்து மணிக்குத் திரையில் ஹெலன் வந்தார். வெள்ளை முடி, கண்ணாடி, நல்ல சிரிப்பு. அவர் முகம் தெரிந்ததும் எட்டுப் பேரும் ஒன்றாக எழுந்து நின்றார்கள். சின்ன நாற்காலிகளில் மூன்று அவர்களோடு ஒட்டிக்கொண்டே எழுந்தன.

"எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்?" என்று ஹெலன் ஆங்கிலத்தில் கேட்டார்.

"குட்!" என்றார்கள் எட்டுப் பேரும்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாடத்தை ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் லெட்சுமி அக்கா ஒரு அடி முன்னால் வந்து, இரண்டு கையையும் நீட்டிக் கையுறையைத் திருப்பித் திருப்பிக் காட்டிவிட்டு, மனப்பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னார்:

"வாட்டர் குட். டொய்லட் குட். கிளவுஸ் குட். துரை குட்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கிய வேகத்தில் சேலையின் மூன்று ஊசிகள் கழன்றன.

எங்கள் தோட்டத்துக்கு வருடத்தில் ஒரு தடவை வெளிநாட்டு ஆட்கள் வருவார்கள். தேயிலைப் பெட்டியில் ஏதோ முத்திரை குத்துவதற்கு முன்னால், தொழிலாளர்களுக்கு எல்லா வசதியும் கிடைக்கிறதா என்று விசாரித்துப் போக வருகிறவர்கள். அதற்கு முந்தின நாள் காலைப் பெரட்டில், ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற அந்த நேரத்தில், வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பார். வெளிநாட்டு மேடம் வருவாங்க, கேட்டா சிரிச்ச மொகமா நல்லா இருக்குன்னு சொல்லணும், பெட்டியில இருக்குற கையுறை தொப்பி எல்லாம் எடுத்து போட்டுக்கிட்டு வரணும். முந்தின நாள் நான் இஸ்தோப்பில் நின்று பேசிய பேச்சு இருக்கிறதே, அது அதே பேச்சு. கணக்கப்பிள்ளைகூட அவ்வளவு ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார். எட்டுப் பேரும் வந்திருந்தது வகுப்புக்கு அல்ல, விசாரணைக்கு.

ஹெலன் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "அவர் என்ன சொல்கிறார், ஜெனிட்டா?"

"இன்றைய பாடம் பொருள்களின் பெயர்கள், மிஸ்," என்றேன். வாய் தானாகவே பேசியது.

அந்த நேரம் பார்த்துப் பாக்கியம் அக்கா வரிசையை விட்டு வெளியே வந்தார். ஏப்ரனைக் கழற்றி நாற்காலியில் போட்டார். கையுறையைக் கழற்றி அதன்மேல் போட்டார். திரைக்கு நேரே வந்து நின்றார்.

"போன தடவ இவங்க வந்தப்ப என்னைய மட்டும் பதினோராம் நம்பர் மலைக்கு அனுப்பிட்டாங்க," என்று என்னிடம் சொன்னார். "நான் வாயத் தொறந்துருவேன்னு பயம். இன்னைக்கு நேரா கெடச்சிருக்காங்க. நான் சொல்றத அப்புடியே சொல்லு புள்ள. எங்க லயத்துல ரூபிங் சீட்டு முழுக்க ஓட்ட. மழ பெஞ்சா நாலு சட்டி வச்சாலும் பத்தல. பொண்ணு பரீட்சைக்கு குடைய புடிச்சுக்கிட்டு படிச்சா. சொல்லு."

ஹெலன் காத்துக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னேன்: "இந்த வகுப்பு தனக்கு மிகவும் பிடித்திருக்கிறது என்கிறார்."

பாக்கியம் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் ரூபிங் சீட்டுன்னு சொன்னேன். நீ சொன்னதுல ரூப்புன்னு ஒரு சொல்லே வரலியே?"

"அதுக்கு வேற சொல்லு இருக்குக்கா..."

"ஏமாத்தாத ஜெனிட்டா. கணக்கப்பிள்ள பண்ற வேலைய நீயும் பண்ணாத. நீ ஒண்ணும் சொல்ல வேணாம். எப்புடி சொல்றதுன்னு எனக்கு சொல்லிக் குடு. நானே சொல்லிக்கிறேன்."

இந்த இடத்தில் எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மழைக்குள் குடை பிடித்துப் படித்த அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும். நானும் அதே லயத்து வரிசை வீட்டில் அதே மாதிரிப் படித்தவள்தான். வேலை போனால் போகிறது என்று தோன்றியது. மூலையிலிருந்த அட்டை வீட்டைத் தூக்கி மேசைமேல் வைத்தேன். அதன் கூரையைத் தட்டினேன்.

"இது ரூஃப். மை ரூஃப். தண்ணி ஒழுகுறது லீக்கிங். மை ரூஃப் இஸ் லீக்கிங்."

"மை ரூஃப்பு லீக்கிங்."

"இஸ் லீக்கிங். இப்பவும் ஒழுகுதுல்ல? அப்ப நடுவுல இஸ் போடணும்."

"இப்ப மட்டுமா? எப்பவும்தான்." அக்கா திரையைப் பார்த்துத் திரும்பினார். நெஞ்சில் கையை வைத்தார். "மை ரூஃப் இஸ் லீக்கிங், மேடம்."

"எவ்வளவு காலமாக?" என்று ஹெலன் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். அக்கா விரலை விரித்தார், நான் சொல்லைக் கொடுத்தேன். "ஃபைவ் இயர்ஸ், மேடம்!"

அவ்வளவுதான். மற்ற ஏழு பேரும் கையுறையைக் கழற்றினார்கள். எனக்கு எனக்கு என்று மேசையைச் சூழ்ந்தார்கள். ஒருத்தருக்குக் கதவு உடைந்திருக்கிறது, ஒருத்தருக்குச் சுவர் வெடித்திருக்கிறது. லயத்துக்குப் போகிற ரோட்டைப் பற்றி மூன்று பேருக்குக் குறை. அட்டை வீட்டின் கதவைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தேன், சுவரைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தேன், ரோட்டுக்கு என் சேலை முந்தானையைத் தரையில் விரித்துக் காட்டினேன். தப்பாகச் சொன்னவர்களை மற்றவர்கள் சிரித்துத் திருத்தினார்கள். வாட்டர் குட் என்று சொன்ன லெட்சுமி அக்காவே வரிசையில் வந்து நின்று, குனிந்த தலையோடு, "வாட்டர் நாட் குட்" என்று மாற்றிச் சொன்னார். நான் கைதட்டினேன். வேர்த்து ஊற்றியது. கேமரா என்று ஒன்று இருப்பதே மறந்து போனது. என் சவப்பெட்டிக் கட்டிலை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அம்மாடி, கணக்கப்பிள்ள ஐயா வர்றாங்க!" என்று வாசலிலிருந்து அம்மா கத்தினார்.

சத்தம் கேட்டு வந்தவர் அவர். உள்ளே எட்டிப் பார்த்தார். மேசையைச் சூழ்ந்து பெண்கள், திரையில் வெள்ளைக்கார முகம். அந்த மனுசனுக்கும் அதே எண்ணம்தான் வந்தது. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார், சட்டைப் பொத்தானைப் போட்டார், விறைப்பாக நின்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

"குட் ஈவினிங் மேடம். ஓல் வேர்க்கர்ஸ் வெரி ஹெப்பி, மேடம். ஓல் ஹவுஸ் வெரி குட்."

பாக்கியம் அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அட்டை வீட்டைப் பார்த்தார். நான் சொல்லிக்கொடுக்காத ஒன்றை, தானாகவே கோர்த்து, திரையைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார்:

"ஹிஸ் ரூஃப் இஸ் நாட் லீக்கிங், மேடம்."

ஹெலன் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. கணக்கப்பிள்ளை தொப்பியைக் கக்கத்திலிருந்து எடுத்துத் தலையில் வைத்து, மறுபடியும் கழற்றி, அவசர வேலை இருக்கிறதென்று போய்விட்டார்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹெலன் கேட்டார்: "பாக்கியம், நீங்கள் நன்றாகப் பேசுகிறீர்கள். இரண்டு வருடமாகவா படிக்கிறீர்கள்?"

கேள்வியை நான் மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்காமலே அக்காவுக்கு விளங்கிவிட்டது. நல்ல டீச்சருக்குக் கிடைக்கிற தண்டனை அது.

"நோ மேடம்," என்றார் பெருமையாக. "டுடே."

வாசலில் நின்ற அம்மாவுக்கும் அது விளங்கியது. குவைத்தில் பதினொரு வருடம் இருந்தவருக்கு நோ என்பதும் டுடே என்பதும் விளங்காதா? அம்மாவின் முகம் அப்படியே வாடிவிட்டது. அதைப் பார்த்த பிறகு எனக்குத் திரையைப் பார்க்க முடியவில்லை. என்னோடு தனியாகப் பேச வேண்டும் என்றார் ஹெலன். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஒரு சின்ன நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் அது எனக்குச் சரியான அளவாகவே இருந்தது.

"இரண்டு வருட அனுபவம் என்று எழுதியிருக்கிறீர்கள்."

"ஆமாம், மிஸ்."

"உண்மையில் எவ்வளவு?"

நான் திரையின் ஓரத்தில் இருந்த மணியைப் பார்த்தேன். இருபது நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது.

"நாற்பது நிமிசம், மிஸ்."

ஹெலன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, பொய் சொன்ன ஒருவருக்கு அந்த வேலையைக் கொடுக்க முடியாது என்றார். அதை அவர் அன்பாகச் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. இணைப்பைத் துண்டிக்கிறதற்கு முன்னால் மட்டும் ஒன்று சொன்னார்: "வேறு இடங்களுக்கு விண்ணப்பித்தால் உண்மையை எழுதுங்கள். அந்த நாற்பது நிமிடம் மோசமில்லை."

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் குவைத்துக்கு போனப்ப எனக்கு வயச கூட்டி எழுதினாங்க. நீ அனுபவத்த கூட்டி எழுதிக்கிட்ட. நம்ம குடும்பத்துக்கு இதே பொழப்பா போச்சு," என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க அழுதார். நானும் அழுதேன். அம்மாவுக்கு அந்தப் பொய் என்ன விலை கேட்டது என்று அன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னார். அது இந்தக் கட்டுரைக்குள் அடங்காது. பேசி முடிந்ததும் எழுந்து போய் லேப்டாப்பைத் திறந்தேன். அதே நிலையத்தின் அதே படிவம். 'கற்பித்தல் அனுபவம்' என்ற கட்டத்தில் 'நாற்பது நிமிடங்கள்' என்று மட்டும் எழுதினேன். இடம் நிறைய மிச்சமிருந்தது. கையைக் கட்டிக்கொண்டேன்.

மூன்று வாரம் பதில் இல்லை. அதற்குள் தோட்டத்தில் வேறு ஒன்று நடந்தது. லொறியில் தகரம் வந்தது. பாக்கியம் அக்காவின் காம்பராவுக்கு முதலில், பிறகு அந்த லயம் முழுக்க. கணக்கப்பிள்ளை என்னை வழியில் மறித்து, "அந்த மேடம் ரிப்போட் அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் எழுதிக்கிட்டுத்தான் இருக்காங்க ஐயா," என்றேன். (இது நான் சொன்ன கடைசிப் பொய். இதற்காக வருத்தப்படவும் இல்லை.)

நாலாவது வாரம் ஹெலனிடமிருந்து கடிதம் வந்தது. ஆசிரியர் வேலை இல்லை. உதவியாளர் வேலை, ஆறு மாதம். இன்னொருவர் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும், பிறகு பார்க்கலாம். அம்மா அந்தக் கடிதத்தை வாங்கி, ஒரு எழுத்தும் வாசிக்காமல், அந்தோனியார் படத்துக்கு முன்னால் வைத்தார்.

ஊர் முழுக்கச் செய்தி பரவிய அன்று மாலை, எட்டுப் பேரும் எங்கள் இஸ்தோப்புக்கு வந்தார்கள். வாழ்த்துச் சொல்லத்தான் என்று நினைத்தேன். பாக்கியம் அக்கா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ரெண்டு வருசம் எங்களுக்கு படிச்சு குடுத்தேன்னு எழுதிக் குடுத்தியாமே? உங்கம்மா சொன்னாங்க."

"ஆமாக்கா. தப்புதான். மன்னிச்சிருங்க."

"மன்னிக்கிறதுக்கா வந்தோம்? எங்க பேரச் சொல்லி எழுதின. படிச்சு குடு."

அன்றைக்கு ஆரம்பித்தது. போகிறவரைக்கும் ஒவ்வொரு மாலையும் பிள்ளைக்காம்பராவில். போன பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் டா நாங்கிலிருந்து போனில். உதவியாளராக இருந்து ஆசிரியரான நாளிலும் வகுப்பு நடந்தது. எனக்குக் காய்ச்சல் வந்த ஞாயிறுகூட விடவில்லை. 'டீச்சர், யூ ஆர் லேட்' என்று திரைக்குள் எட்டு முகம் முறைக்கும். மகளிடம் படிக்க முடியாது என்றவர், மூன்றாவது வாரத்திலிருந்து கேமராவின் ஓரத்தில் காய்கறி நறுக்குவதுபோல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் யாராவது கொஞ்சம் தற்பெருமை பேசினால் போதும், "எத்தன நிமிசம்?" என்று அம்மா கேட்பார். அண்ணன் புது ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொண்ட அன்றும் கேட்டார், அண்ணி பிரியாணி செய்த அன்றும் கேட்டார்.

போன மாதம் விடுமுறைக்கு வந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடியிருந்தபோது கொப்பியைப் புரட்டிக் காட்டினேன். ஆரம்பித்த நாளிலிருந்து எண்ணிப் பார்த்தால் இரண்டு வருடம் முழுசாக முடிந்துவிட்டது. இனிமேல் நான் படிவத்தில் எழுதியது பொய்யில்லை, எனக்கு விடுதலை கொடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

பாக்கியம் அக்கா என் கொப்பியை வாங்கி மூடினார்.

"அது எப்புடி முடியும்? நாங்க எட்டு பேரு. ஆளுக்கு ரெண்டு வருசம். எட்டு ரெண்டு பதினாறு."

எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். நான் வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனேன். அதற்குள் அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது, ஆங்கிலத்தில்.

"நாட் எய்ட், டீச்சர். நைன்."